பாத்தி

கணக்கும் வரைபும் இடையில் எழுதிய குறிப்பும்
சிதறாமல் ஒரே பக்கமாய் வெளியே வரும்.
குறிப்பேட்டை அப்படிப் பக்கமாக்குகிற கருவிக்குக்
காசு இல்லை. மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது.
தமிழ் மட்டும்தான் இல்லாமல் இருந்தது.
விசுவமடு நீர்ச்சோதனைக் கூடத்தில்
கரண்ட் நிற்கிற பின்னேரங்களில்
மடிக்கணினியின் மிச்ச உயிரில்
நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை மாற்றத் தொடங்கினேன்.

"கரு இறந்துவிட்டது. மீண்டும் தொடங்குகிறது."
நேராக எழுதினால் இப்படித்தான் வரும்.
நின்றுவிட்டது என்று போட்டேன்.
அதற்கு ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாய் இருக்கிற
நிரல் துண்டுகளுக்கு உலகம் வைத்த பெயர் செல்.
நானும் அதையே வைத்தேன்.
சரியா என்று பார்க்கத் தர்மினிக்கு உரக்க வாசித்தேன்:
"மூன்றாம் செல்லில் பிழை.
மிச்சச் செல்கள் ஓடவில்லை."
போத்தல் கழுவிக்கொண்டிருந்த லோகிதாசன்
அண்ணாந்து பார்த்தார்.
திரையை அல்ல, கூரைத் தகரத்தை.
பிறகு சிரித்தார்.
பிறகு பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

கலம் என்றால் பத்தாம் வகுப்பு, வெங்காயத் தோல்.
அறை என்றால் கன்னம்.
பெட்டி, வேண்டாம்.
கட்டம் என்று எழுதி ஒரு கிழமை வைத்திருந்தேன்.
சாதகக் குறிப்புப் போலவே இருந்தது.

முரசுமோட்டை, பத்தொன்பதாம் கிணறு.
மின்கடத்துமானியை இறக்கிவிட்டு நிற்கிறேன்.
பம்பு இரைகிறது, மிளகாய்க்குத் தண்ணீர்.
யசோதினி மண்வெட்டியால் ஒரு வாயை அடைத்து
அடுத்த வாயை வெட்டுகிறாள்.
ஆறாவதை யாரோ முந்தித் திறந்திருக்கிறார்கள்,
நாலாவது வெடித்துக் கிடந்தது.
ஏசிக்கொண்டே
தலைப்பிலிருந்து திரும்பத் தொடங்கினாள்.

வரி எண் எண்பத்தெட்டு:
எல்லாப் பாத்திகளையும் மேலிருந்து ஓட்டு.

கோயம்புத்தூரிலிருந்து சரிபார்க்கிற நடேசமூர்த்தி
மரியாதையாகத்தான் கேட்டார்:
செல் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே,
ஏன் இந்த மாற்றம்?
மூன்று தரம் எழுதி அழித்தேன்.
ஒன்று நீளம். ஒன்றில் திகதி இருந்தது.
மற்றதை முடிக்கவில்லை.
காரணம் என்று கேட்கிற இடத்தில்
கடைசியில் இரண்டே சொல்: வட்டார வழக்கு.
ஏற்றுக்கொண்டார்.

தமிழ் பேசத் தொடங்கிய கருவியில்
முதலில் என் கிணறுகளைத்தான் ஏற்றினேன்.
வெளியிட முதல் அது எல்லாவற்றையும் மறந்து
வெறுமையிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்.
ஓட்டியது. ஐந்தாம் பாத்தியில் நின்றது.
திங்கட்கிழமை நான் அழித்த பாத்தி ஒன்றிலிருந்து
இவ்வளவு நாளும் ஒரு எண்
கீழே கசிந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.
கண்ணுக்கு இல்லாதது, கணக்கில் இருந்திருக்கிறது.
அதைத் திருத்தினேன்,
பத்தொன்பதின் உவர் ஏறியது.

யசோதினிக்கு எடுத்தேன். அதே பம்பு இரைச்சல்.
"அப்ப குடிக்கலாமோ, இல்லையோ?"
"பொறு,
மேலையிருந்து இன்னொருக்கா
ஓட்டிப்போட்டுச் சொல்லுறன்."