பெயாரிங் சத்தம்

சம்மாந்துறையில் எனக்கு மோட்டர்க் கடை.
தண்ணிப் பம்பி வந்தால் உடனே கழற்ற மாட்டேன்.
ஸ்குரூட்ரைவர் நுனியைப் பெயாரிங் மூடியில் ஊன்றி
கைப்பிடியைக் காதோடு அழுத்தி
அது சொல்லுமட்டும் நிற்பேன்.

போன மாசி,
வெட்டு மிசின் புழுதி தலையில் இருக்க
ஆதம்பாவா வந்தான்.
"வட்டைக் காணிய..."
"விக்காத" என்றேன்.
"இல்ல, மகள்ர..."
"நகைய வங்கியில வை. வட்டி குறைவு."
பிறகு என் காணி வழக்கு,
என் மச்சினன் கடன்பட்ட கதை,
லோயரின் நம்பரும் எழுதிக் கொடுத்தேன்.
"ம்" என்றான்.
பிளேன்டி ஆறி, ஈ விழுந்தது.
"நீ சொன்னாச் சரிதான் மச்சான்."
ஹெல்மெட்டைப் போட மறந்து
கையில் கொழுவிக்கொண்டு போனான்.

இரவு முழுக்க
அந்த "இல்ல"வில் வந்து வந்து நிற்கிறேன்.
மகள்ர, என்ன?

விடிய வட்டைக்குப் போனேன்.
வரம்பில் குந்தியிருந்தான்.
பக்கத்தில் குந்தினேன்.
இரண்டு தரம் வாய் திறந்தது.
வைக்கோல் ஒன்றை எடுத்துப்
பல்லில் கடித்துக்கொண்டேன்.
வெட்டின வயலில் கொக்குகள்
ஒரு தாளடிக்கும் மறு தாளடிக்கும் நடந்தன.
வெயில் முதுகுக்கு வந்தது.

"காணிய விடு மச்சான்" என்றான்
கனநேரத்துக்குப் பிறகு.

நான் வைக்கோலைத் துப்பவில்லை.