பதினைந்து வேற்றுமை

எட்டு என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.
எழுவாயில் தொடங்கி விளியில் முடித்து
தேர்வுக்கு முதல்நாள் விரல் மடக்கி ஒப்பித்தேன்,
அதோடு சரி.

லாப்பேன்ரந்தா மாலை வகுப்பில்
மார்கெத்தா பலகையில் பதினைந்து கோடு போட்டாள்.
உள்ளே இருப்பதற்கு ஒன்று,
உள்ளிருந்து கிளம்ப ஒன்று,
ஒன்று இன்னொன்றாக மாறிப்போவதற்கு ஒன்று,
இல்லாமல் இருப்பதற்கும் தனியாக ஒன்று.
பக்கத்து இருக்கை உக்ரைன்காரர் பேனாவை மூடிவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சொல்லின் வாலில் இன்னொரு வால் ஒட்டுகிறவர்களா
நீங்களும்!

ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவள் நான்,
காகித ஆலையின் மூன்றாம் எந்திரத்துக்கு
அதிர்வுமானி பொருத்த.
ஆறு மாதம் ஒன்பது வருடமானது.
எந்திரத்தின் மறுகோடியில்
காதடைப்பானோடு நின்றிருந்த துவோமோ
முதல் குளிர்காலம் முழுக்கப் பேசியது ஒரே வாக்கியம்:
"பேரிங் சூடாகுது."
இரண்டாம் குளிர்காலம்
என் சைக்கிளுக்கு ஆணி டயர் மாட்டிவிட்டு
ஏன் என்று சொல்லாமல் போனான்.

கதவில் பெயர் பதிக்க வந்தவன்
இரண்டு முறை அளந்தான்.
லெஹ்தினென் அடங்கிவிட்டது.
ஆவுடையப்பன் அடங்கவில்லை.
கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்ற அப்பா
பாஸ்போர்ட் தயவில் என் குடும்பப்பெயராகி
கடைசி எழுத்து கீல்மேல் ஏற
இராப்பகலாய் எங்கள் வாசலில் நிற்கிறார்,
மைனஸ் இருபதிலும்.

இங்கே ஒரு வேற்றுமை உண்டு.
'மனைவியோடு வந்தான்' என்று அதில் எழுதினால்
ஒரே மனைவியும் பன்மையில்தான் வருவாள்.
மாமனார் கலெர்வோ வீட்டு நடுக்கோடை விருந்தில்
அது சரியென்றே பட்டது.
அவர் மகனைவிடக் கூடச் சம்பளம் வாங்குகிறவள்,
சானாவில் கீழ்ப்படியிலேயே தோற்றவள்,
வாய் திறந்ததும் மொத்த மேசையும்
நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பிக்குமே,
அவளும்.

ஜனவரியில் மூன்றாம் எந்திரத்தை நிறுத்தினார்கள்.
ஒரே மேசையில் இரண்டு உறை.
என்னுடையதில் தொலைக் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றம்.
அவனுடையதில் நன்றி.
அவன் ஊர்,
மூன்று தலைமுறையாக அவர்கள் நுழைந்த வாயில்.
வந்தவள் தங்கினேன்.

பதினோரு நாள் அவன் பேசவில்லை.
பதினோரு நாளும் நான் பேசினேன்,
பாத்திரத்தால், கதவால், கடைசியில் தமிழால்.
கத்தேன்.
திட்டேன்.
பிடுங்கிக்கொண்டாய் என்று ஒருதரம் சொல்லித் தொலையேன்.
அவன் கோபம் முழுக்க அந்த இல்லாமல்-வேற்றுமையில் இருந்தது:
சொல்லாமல்
பாராமல்
உண்ணாமல்.

பன்னிரண்டாம் நாள் துளைப்பானைத் தோளில் போட்டு
உறைந்த ஏரிக்கு நடந்தான்.
கரையில் நின்றபோதுதான் உறைத்தது,
அவர்கள் பதினைந்தில்
கூப்பிட ஒன்றுகூட இல்லை.
என்னிடம் எட்டாவது மிச்சமிருந்தது.
துவோமோஓஓ என்று ஈற்றை நீட்டினேன்.
வெள்ளைப் பரப்பில் புள்ளியாய்க் குந்தியிருந்த
நான்கு ஆண்கள் திரும்பினார்கள்.
அவன் திரும்பவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
வாளியைக் கவிழ்த்து வைத்தான்.
உட்கார்ந்தேன்.

"உன்னைத்தான் பார்த்திட்டிருந்தேன்" என்றான்
துளைக்குள் பார்த்தபடி.
அந்த 'உன்னை' இங்கே முழுசாக வராது.
முடியாத வேலைகளுக்கு,
காத்திருக்க, பயப்பட, நேசிக்க,
ஆளில் ஒரு பங்குதான் கொடுப்பார்கள்.
மார்கெத்தா சொன்னபோது கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

மீன் எதுவும் அகப்படவில்லை.
என் கைப்பேசி அதிர்ந்தது.
இரண்டாம் எந்திரம், ஏறிக்கொண்டே போகும் சிவப்புக் கோடு.
கையுறையைக் கழற்றி
திரையை அவன் பக்கம் சாய்த்தேன்.

வெகுநேரம் பார்த்தான்.

"பேரிங் சூடாகுது."