நாற்பத்தேழாம் நம்பர்

காத்து ஓய்ந்த ஐப்பசியில்தான்
இதன் வயிற்றுக்குள் ஏறி வேலை பார்க்க முடியும்.
பழவூர் விலக்கில் பைக்கை நிறுத்திவிட்டு
இடுப்புவாரை மாட்டினேன்.
முதுகுக் கொக்கி எனக்கு எட்டாது.
இந்த வருஷம் கூட வந்த அந்தோணி மிக்கேல்
அதை இழுத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.
தட்டவில்லை. அவனுக்குத் தெரியாது.
பதினெட்டு வருஷம்
இழுத்துவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டியது
ஐகோர்ட்துரை.
'போலாம்' என்பதற்கு அவனிடம் வேறு சொல் இல்லை.

கம்பெனிப் பதிவேட்டில்தான் அந்தப் பெயர்.
எங்களுக்குக் கோர்ட்டு.
எந்த போல்ட்டை முதலில் முறுக்க வேண்டும்,
காவல்கிணற்றில் எந்தக் கடை ரசவடை,
யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும்,
அவன் சொன்னால் அப்பீல் கிடையாது.

போன ஐப்பசியில்
ஏணி பாதி ஏறியதும் இரண்டாம் தட்டில் உட்கார்ந்துவிட்டான்.
'முட்டு வலிக்குடே. நீ மேல போ.'
நம்பினேன்.
தூக்குவாளிச் சோறு மூடி திறக்காமல்
தினம் வீட்டுக்குத் திரும்பியதைப் பார்த்தும்
'என்னடே, பத்தியமா' என்று சிரித்தவன் நான்.
'இறங்க மாட்டேங்குடே' என்றான்
நெஞ்சுக்குழியில் ஒரு விரலை வைத்து.
எண்பது மீட்டர் ஏறுகிறவர்களுக்கு
ஏறுவதுதான் கஷ்டம் என்று இருந்தோம்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும்
தலையிலிருந்து தகடு வரைக்கும்
ஒரே இழுப்பில் ஒரு கோடு போடுவோம்.
போல்ட் நெகிழ்ந்தால் கோடு முறியும்.
டார்ச் அடித்தால் போதும், தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
சட்டையை விலக்கிக் காட்டினான்.
கரண்ட் வைக்கிற இடத்தில்
மார்க்கர் பேனாவால் ஒரு கூட்டல் குறி.
'எனக்கும் மார்க் போட்டுட்டானுவ.
கோடு நகந்தா சொல்லு, என்னா.'
பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

மூன்றாம் வாரம் போனபோது
உடம்பு உள்ளே போயிருந்தது.
தோல் சரிந்து
கோடு விலாப்பக்கம் நகர்ந்து கிடந்தது.
நான் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில்,
மலையிடுக்கில் காத்து கிளம்புவதற்கு முன்னாலேயே.
தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் நாங்கள்.
கியர்பாக்ஸ் மூடி அளவுக்குக்கூடக் கனமில்லை.
எடை பார்த்துப் பழகிய தோள்கள்.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நடந்தோம்.

இன்றைக்கு இரண்டாம் தட்டு.
டார்ச்சை வட்டமாகச் சுற்றினேன்.
தொண்ணூற்றாறு போல்ட், தொண்ணூற்றாறு மஞ்சள் கோடு.
முட்டு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன்
நான் மேலே போய் இறங்கி வருவதற்குள்
ஒற்றை ஆளாய் அத்தனையும் முறுக்கியிருக்கிறான்.
கவனிக்காமல்தான் அன்றைக்கு இறங்கிப் போயிருக்கிறேன்.
கடைசிப் பத்துப் பன்னிரண்டில் கோடு நடுங்குகிறது.
ஒன்றுகூட முறியவில்லை.

இந்த வருஷத்துக்குச் சிவப்பு.
பழசைத் தின்னர் போட்டுத் துடைத்து,
மறுபடி முறுக்கி, புதுக்கோடு.
'நல்லாத்தான இருக்கு, மேலாக்க இழுத்துட்டுப் போவமா'
என்று கேட்டான் அந்தோணி.
வேண்டாம் என்றேன்.
துணி மஞ்சளாகி, விரல் மஞ்சளாகி,
எழுபது தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சுவரில், ஏணிக்குப் பக்கத்தில்,
அதே மஞ்சளில் அவன் கையெழுத்து:
'14/10. முடிந்தது.
ஞானதாஸ் டீ பாக்கி 2.'

சுவரைத் துடைக்கச் சொல்லி
எந்த மேனுவலிலும் இல்லை.

இரண்டு இல்லடே, ஒன்று.
வியாழக்கிழமை டீக்கு
நான்தான் காசு கொடுத்தேன்,
நீ பீடி வாங்க அந்தப் பக்கம் போயிருந்தாய்.
கடைக்காரரைக்கூடக் கேட்கலாம்.

கேட்டு என்ன,
அப்பீல் கிடையாது.