நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

டிரோம்சோவில் அது சூரியன் வராத மாதம்.
பகல் பதினொன்றுக்கும் மேசைவிளக்கு.
கட்டுரையை வெளியிட்டபோது இல்லாத கூச்சம்
நிரலை வெளியிடும்போது வந்தது.

கட்டுரைக்குக் கோட்டு உண்டு, பொத்தான் உண்டு.
நிரல்
குளித்த ஈரத்தில் துண்டோடு போய்
வாசற்கதவைத் திறப்பது மாதிரி.

ஒன்பது ஆண்டு எழுதியது.
'தற்காலிகம்' என்று பெயரிட்ட கோப்புகள் ஆறு.
'கடைசி' ஒன்று.
'உண்மையிலேயே கடைசி' இரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேலே
என் கையாலேயே ஒரு குறிப்பு:
இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதே.

துடைத்துச் சீவி அனுப்பு என்றான் ஐவின்ட்.
சீவினால் வேறெதுவோ உடையும்.
அப்படியே அனுப்பினேன்,
லோபோத்தனில் காட் மீன் இடும் முட்டைகள்
எந்த நீரோட்டத்தில் ஏறி
எந்தக் குளிரில் பொரியுமென்று சொல்லும்
ஆறாயிரம் வரிகளை.

பதினேழு வாரம் யாரும் தட்டவில்லை.

பிறகு, வெயில் திரும்பியிருந்த ஒரு செவ்வாய்,
பெருவின் காயாவோ துறைமுகத்திலிருந்து
எவாரிஸ்தோ வில்கா என்பவர்:

அன்புள்ள தோருன்,
உங்கள் நிரலில் எங்கள் நெத்திலி முட்டைகளை விட்டேன்.
எல்லாம் கரையேறி
லீமா சாலைகளில் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன.
பேருந்து நிலையம்வரை வந்துவிட்டன.
வரி 412 பாருங்கள்.
அது கழித்தல் குறியைத் தின்கிறது.

தின்கிறதுதான்.
ஏதோவொரு கப்பலின் பதிவேட்டில்
தூக்கக் கலக்கத்தில் எவரோ இட்ட குறியை அழிக்க
தூக்கக் கலக்கத்தில் நான் எழுதியது.
அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் போட்டு
பாதி உலகம் வாழ்கிறது என்பது
எழுபதாம் பாகையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றவில்லை.
என் கடலில் அந்தத் தவறுக்கு வேலையே இல்லை.
சும்மா படுத்துக் கிடந்தது,
வாடகை கொடுக்காமல், ஒன்பது ஆண்டு.

சிரித்தேன். ஐவின்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
இரண்டாம் கடிதத்துக்குச் சிரிக்கவில்லை.

வரி 2088.
பிப்ரவரி இருபத்தொன்பது உங்களிடம் இல்லை.
இது உங்கள் கடலையும் தொடுமென நினைக்கிறேன்.
மன்னிக்கவும்.

அந்த ஒரு நாளைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன்.
மூன்றாம் படம்
பதினான்கு கிலோமீட்டர் வடகிழக்கே நகர்ந்தது.
அச்சேறிய படம்.
மீன்வளத் துறை சட்டம்போட்டு மாட்டிய படம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
தெரிந்துவிட்டபின்
எப்படிச் சட்டை போடுவதென்று
ஒருவரும் சொல்வதில்லை.

இதழுக்குத் திருத்தம் எழுத நான்கு நாள் ஆயிற்று.
அதில் மூன்று நாள்
'சிறிய' என்ற சொல்லைச் சேர்த்தும் எடுத்தும்.
எடுத்துவிட்டே அனுப்பினேன்.

இன்று நிரலைத் திறந்தால்
'தொடாதே'க்குக் கீழே வில்கா எழுதியிருக்கிறார்:
தொட்டேன். இப்போது தெற்கிலும் ஓடுகிறது.

அதற்கும் கீழே, நேற்றைய தேதியில்,
லிப்ரவில்லில் இருந்து
நான் கேட்டேயிராத ஒரு பெயர்:
சரி,
பூமத்திய ரேகையில் பூச்சியத்தால் வகுக்கிறதே,
அதை யார் பார்ப்பது?