பனி காட்டிய கணக்கு

இரவெல்லாம் விஸ்துலா நதிமேல் பனி.
விடிந்ததும் அளவுநாடாவோடு நானும் லெஷெக்கும்
கார்பார்ஸ்கா தெருமுனையில்.

திருப்பத்தில் கார்கள் தொடாமல் விட்ட வெள்ளை
நாலு மீட்டர்.
"இவ்வளவு இடமா சும்மா கிடந்தது?" என்கிறான்.

ரொட்டிக்கடையோடு நடைபாதை தீர்ந்துபோக
தபால்காரி போகுமீவாவின் பூட்ஸ் தடம்
சாலையில் இறங்குகிறது.
லாரி வந்த இடத்தில்
வேலியோடு ஒட்டி நின்றிருக்கிறாள்.

மருந்துக்கடைக்கு எதிரே
இரண்டு மெல்லிய சக்கரக் கோடுகள்:
விளிம்புக்கல் வரை வந்து
கொஞ்சம் பின்வாங்கி
மறுபடி முட்டி
வந்த வழியே திரும்பியிருக்கின்றன.

கல்லின் உயரம் பதினாலு சென்டிமீட்டர்.
எழுதிக்கொண்டேன்.

மே மாதம் கல்லைச் சரிவாக்கினோம்,
முனையை அகட்டினோம்.
பார்க்கிங் போச்சென்று மூன்று புகார்.

டிசம்பர் பாதி.
இன்னும் பனி விழவில்லை.
தினமும் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்.