காலடி செய்கிறவள்

அந்தப் படச்சுருளுக்குக் காது கிடையாது.
பதினாறு மில்லிமீட்டர், கறுப்பு வெள்ளை,
மூன்று நிமிடம் பத்து வினாடி.
ஊர் மருந்துக்கடைக்காரர் எடுத்தது.
புதுக் கேமராவை எதன்மேலாவது
திருப்பிப் பார்க்கவேண்டும் போலிருந்திருக்கும்.
அன்றைக்குச் சந்தைத் திடலில் ஏலம்.

ஹாலே நகரில், ரொட்டிக்கடைக்குக் கீழே
நிலவறையில் எனக்கு வேலை.
ஒரு தட்டில் சரளைக்கல், ஒரு தட்டில் ஈரமண்.
தோல்பையில் உருளைக்கிழங்கு மாவு:
அமுக்கினால் பனியில் யாரோ நடக்கிறார்கள்.
குதிரைக்குத் தேங்காய்ச் சிரட்டை.
முப்பதாண்டுப் போரின் குதிரைப்படை மொத்தமும்
இந்த இரண்டு சிரட்டையில்தான் ஓடியது.
பெர்லின் சுவரை, ஒரு சுத்தியலும் பழைய பூந்தொட்டியும் வைத்துக்கொண்டு,
நான்கு தொலைக்காட்சிகளுக்கு நான்குமுறை இடித்திருக்கிறேன்.

ஆவணப்படம் என்கிறார்கள்.
இருக்கட்டும். எனக்கு மணிக்கணக்கில் கூலி.

இயக்குநர் ஃபோல்க்மார் டெஷ்னர் ஒரு தாள் அனுப்பினார்:
நாற்காலி. பீங்கான். சுவர்க்கடிகாரம். மரச்சுத்தி.
கூட்டம், சுமார் நூறு பேர், குளிர்காலச் செருப்பு.

பொருட்களின் சொந்தக்காரர்கள்
ஒன்பது நாள் முன்பே ரயிலேறியிருந்தார்கள்.
ரயில் இந்தச் சுருளில் இல்லை.
அதனால் என் தாளிலும் இல்லை.

ஒருவன் மெத்தையைத் தலையில் சுமந்து
வழி தெரியாமல் கைவண்டியில் முட்டிக்கொள்கிறான்.
(தலையணையால் மேசையை அடித்தேன்.)
ஒரு பையன் பனிச்சறுக்குக் காலணியை
அங்கேயே மாட்டிக்கொண்டு கல்தரையில் நடந்து பார்க்கிறான்.
அளவு சரியாக இருக்கிறது.
(அடுக்களைக் கத்தி, செங்கல்.)
காபி அரைக்கும் பொறியின் கைப்பிடியை
ஏலம் விடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்.
உள்ளே கொட்டை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமோ?
இரண்டு விதமாகவும் பதிந்து வைத்தேன்.

இரண்டாம் நிமிடம், நாற்பத்தொன்றாம் வினாடி.
ஒரு பெண் மேசைவிரிப்பை வெயிலுக்கு எதிரே விரித்து
ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள்.
இல்லை.
கேமராவைக் கவனித்துவிட்டுச் சிரிக்கிறாள்,
முன்பல்லில் இடைவெளி தெரிய.
தாளின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
சிரிப்பு, இளம்பெண், இயல்பாக.

பதினொரு முறை சிரித்தேன்.
முதலாவது நாடக மேடைச் சூனியக்காரி.
நான்காவதில் இருமல்.
ஏழாவதில் எனக்கே தெரியாமல் துக்கம் கசிந்துவிட்டது,
அவளிடம் அது இல்லை.
பன்னிரண்டாவதற்குமுன்
போன மாதம் வாங்கிய விளக்கை நினைத்துக்கொண்டேன்:
யாரோ இறந்து காலிசெய்த வீடு,
பித்தளை, ஒரு கீறல் இல்லை, எட்டே யூரோ.
சிரிப்பு தானாக வந்தது.

ஓட்டிப் பார்த்தேன்.
அவள் உதட்டோடு ஒட்டிக்கொண்டது.
ஒரு பிரேம்கூடப் பிசகவில்லை.

ரொட்டிக்கடைக்காரர்கள் மாவு பிசைய வரும்வரை
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அதை அழித்தேன். மற்ற பதினொன்றையும்.
அந்த இடத்தில் கூட்டத்தையும் எடுத்துவிட்டேன்,
காற்றையும்.

“டிவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்” என்றார் டெஷ்னர்.
நினைக்கட்டும் என்றேன்.
ஐந்து வினாடி கேட்டேன்.
காய்கறிக் கடையில் போலப் பேரம் பேசி
இரண்டில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு, பதினொன்றே கால், ஒளிபரப்பு.
அந்த எட்டு யூரோ விளக்கின் கீழேதான் பார்த்தேன்.
வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மாடிப்படியில்
கீழ்வீட்டு குண்டுலா பீட்ஷ், துணிக்கூடையோடு:
“நேற்று உங்கள் படம் பார்த்தேன்.
பாவம் அந்த ஜனங்கள்.
நடுவில் ஓரிடத்தில் சத்தம் போய்விட்டது,
நான் பொத்தானைத் தேடுவதற்குள் வந்துவிட்டது.”

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்த விரிப்பு லினன்தானே?
இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது.”