காணாமல்போன ஓட்டை

கடன் எண் 416.
பின்லாந்து ராணுவ மேலங்கி, சாம்பல் கம்பளி, 1939.
மிக்கேலியிலிருந்து அனுப்பும்போது நான் எழுதியது:
காலரில் பூச்சி அரிப்பு. மூன்றாம் பொத்தான் இல்லை.
இடப்பக்கம், விலாவுக்கு நேரே, ஓட்டை ஒன்று.
ஒன்பது மில்லிமீட்டர்.
காப்பீடு நாலாயிரம் யூரோ.
கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பீலவேசி நூலகம் எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டது.

ஏப்ரலில், பனி சேறாகிக்கொண்டிருந்த ஒரு நாள்
பெட்டி திரும்பியது.
பூச்சி அரிப்பு அப்படியே.
பொத்தான் இல்லாததும் அப்படியே.
ஓட்டையைக் காணோம்.

உருப்பெருக்கியில் பார்த்தால்
சாம்பல் நூல்,
குறுக்கும் நெடுக்குமாய், இழைக்கு இழை.

தொலைபேசினேன். நூலகர் விசாரித்துச் சொன்னார்:
இரவில் தரை துடைக்கும் ஹில்க்கா ராவ்தியோ.
"குளிர் உள்ளே போகுமே என்கிறாள்.
மன்னியுங்கள். நஷ்டஈடு எவ்வளவு?"

படிவத்தில் 'புதிய சேதம்' என்றொரு கட்டம்,
'இழப்பு' என்றொரு கட்டம்.
எதில் எழுத,
குண்டு நுழைந்த வழி
அடைபட்டுப்போனதை?

பிரித்தெடுக்க இருபது நிமிடம் போதுமாம்.
சிறு கத்தரியை மேசையில் வைத்துவிட்டு
எங்கள் பழுதுநீக்குநர் சாப்பிடப் போயிருக்கிறார்.

கையுறையைக் கழற்றிவிட்டு
விரல்நுனியால் தேடிக்கொண்டிருக்கிறேன்
தையல் எங்கே தொடங்குகிறதென்று.